பரிசுக்குக் கட்டிய கழிப்பறை

பூங்கா வாசலில் ஒரு பலகை இருக்கிறது. புல்லில் நடக்கக் கூடாது. பந்து ஆடக் கூடாது. பெஞ்சில் படுக்கக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. சைக்கிள் கூடாது, நாய் கூடாது, தின்பண்டம் கூடாது. கடைசி வரிக்கு இடம் போதாமல் எழுத்துச் சிறுத்துப் போயிருக்கிறது. குனிந்து படித்தால் தெரியும்: கூட்டமாக உட்காரக் கூடாது. என்னதான் செய்யலாம் என்று பலகையில் எங்கும் எழுதவில்லை.

பலகைக்கு வாய் கிடையாது. அதனால் நகராட்சி ஓர் ஆளை வைத்து, அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டியது. நடக்க வருகிறவர்கள் அவளை விசிலக்கா என்றார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். வீட்டில் புருஷன்கூட 'விசிலு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

குட்டையான, அகன்ற உடம்பு. தரையோடு சண்டை போடுகிற மாதிரி நடப்பாள். இந்த வேலைக்கு வருமுன் பல வருஷம் தெருக் கூட்டினாள். அதற்கும் முன்னால் ஒரு சினிமாக் கொட்டகையில், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குப்பை பொறுக்கினாள். கொட்டகையை இடித்தார்கள். தெருவைக் கூட்ட இயந்திரம் வந்தது. 'பூங்காவுக்குப் போறியா?' என்று ஒப்பந்தக்காரர் கேட்டபோது அவளால் நம்ப முடியவில்லை. மரம், நிழல், கூட்டுவதற்கு இலை. இலை நாறாது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, "சும்மா உக்காந்து காத்து வாங்கறதுக்குச் சம்பளம்டா" என்று புருஷனிடம் சொன்னாள். சந்தோஷம் வந்தால் அவனை 'டா' போட்டுப் பேசுவாள். அப்படி அவள் பேசிப் பல நாளாயிற்று.

ஊர் சிறியது. எல்லாப் பூங்காக்களையும் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர், ஒரு மேற்பார்வையாளர், ஒரு தண்ணீர் லாரி. லாரி ஆற்றோரப் பூங்காவுக்குப் போனால் இங்கே காயும். இங்கே வந்தால் அங்கே காயும். செடிகள் முறை வைத்துச் செத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு நீரூற்று உண்டு. பெரிய ஆள் யாராவது வந்தால் மட்டும் பீய்ச்சும். பிள்ளைகள் ஆடிய ஊஞ்சலின் சங்கிலி ஒருநாள் அறுந்தது. புதுச் சங்கிலி வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள்; ஊஞ்சலையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

"ஊஞ்சல் இருந்தாத்தானே அறுந்து விழும்" என்றார் மேற்பார்வையாளர். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்த ஊரின் நிர்வாகமே அதுதான்.

விசிலக்காவின் வேலை காலையில் கதவைத் திறப்பதில் தொடங்கி இரவு விளக்கு எரிந்ததும் பூட்டுவதில் முடியும். வெயில் நேரத்தில் மூடியிருக்கும். அப்போதும் அவள் உள்ளே இருக்க வேண்டும், குழாயையும் விளக்கையும் யாரும் கழற்றிக்கொண்டு போகாமல். காலையிலும் மாலையிலும் பலகைக்கு வாயாக இருக்க வேண்டும். ஆனால் அவள் விசில் பாதிக்கு மேல் ஊதப்பட்டது பலகையில் எழுதப்படாத ஒரு குற்றத்துக்காக. பின்பக்கச் சுவருக்காக.

பூங்காவில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நடந்து களைத்தவர்கள், தூங்கி எழுந்தவர்கள், ரோட்டில் போகிறவர்கள், எல்லாரும் பின்பக்கச் சுவரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவள் ஓடுவாள். ஓடிக்கொண்டே ஊதுவாள்.

"ஐயா! அது சுவரு!"

"சுவருன்னு தெரிஞ்சுதாம்மா வந்தேன்."

"வெளிய போங்க முதல்ல. வெக்கமா இல்ல?"

"அவசரம்மா. உனக்கு வந்தாத் தெரியும்."

அவளுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். ஆரம்பத்தில் பூங்காவுக்கு எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். கொல்லைப்பக்கக் குளியலறையைக் காட்டி, "கேட்டுக்கிட்டு நிக்காதம்மா, நேரா போ" என்று சொன்னவர். டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். வாங்கியவர்கள் சுற்றுச்சுவரை உயர்த்தி, இரும்புக் கதவு போட்டு, மேலே ஒரு கேமராவும் வைத்தார்கள். விசிலக்கா ஒருநாள் மணியை அழுத்தினாள். கதவு திறக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு?"

"எதிர்ல பார்க்ல வேலை செய்யறேங்க. பாத்ரூம்…"

"பஸ் ஸ்டாண்ட்ல இருக்கே."

பஸ் நிலையம் தூரம். ஒரே ஒருநாள் அங்கே ஓடிப் போய்த் திரும்பினாள். அதற்குள் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயின் பித்தளை முனையை யாரோ திருகிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றோடு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

புருஷன் முன்பு மூட்டை தூக்கியவன். முதுகு போனபின் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறி பழுது பார்க்கிறான். அவள் பையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பவனும் அவன்தான். இரவு அதைத் தூக்கிப் பார்ப்பான். வைத்தபடி இருக்கும்.

"என்ன விசிலு, தண்ணிக்கு ஊரைச் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வந்துட்டியா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருக்காது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்வாள். துணிக்கடை வேலை முடிந்து வந்து கண்ணாடி முன் நிற்கும் மகளைப் பார்த்து அவன் சத்தம் போடுவான்: "தள்ளி நில்லும்மா, எக்ஸ்பிரஸ் வருது!" மூன்று பேரும் சிரிப்பார்கள். அவள் கதவுக்கு உள்ளேயிருந்து சிரிப்பாள். சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் யாரோ கையை விட்டுப் பிழிகிற மாதிரி இருந்தது. மகள் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இளம் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"தண்ணி நிறைய குடிக்கணும். அடக்கவே கூடாது. இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"என்ன வேலை?"

சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி எடுத்து மாத்திரை எழுதினார். வெளியே நீண்ட வரிசை நின்றது. வேறு என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம்தான் சுத்தமான பூங்காவுக்குப் பரிசு என்று அரசாங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. கழிப்பறைக்குத் தனி மதிப்பெண். ஊஞ்சலுக்குச் சங்கிலி வாங்க வழியில்லாத நகராட்சிக்குக் கழிப்பறைக்குப் பளபளக்கும் ஓடு வாங்க வழி பிறந்தது. வேப்பமரத்தடியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். விசிலக்காவுக்குச் சொல்லி முடியாத சந்தோஷம். கொத்தனார்கள் போனபின் பூச்சு காயாமல் தண்ணீர் ஊற்றியது அவள்தான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. கதவு வைக்கிற அன்று, "தாழ்ப்பாளைக் கொஞ்சம் இறக்கி வைங்கண்ணே, எனக்கு எட்டாது" என்று ஆசாரியிடம் சொல்லி இறக்கி வைக்கச் செய்தாள். ஒரே அறை. ஆண் படமும் பெண் படமும் சேர்ந்த ஒரே பலகை. மேலே லாரித் தண்ணீரால் நிரப்பும் தொட்டி. வெள்ளைக் கோப்பை, கைகழுவ வெள்ளைத் தொட்டி, முகம் பார்க்கக் கண்ணாடி. இரவு புருஷனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நம்ம வீட்டை விட நல்லாருக்கும் போல. பேசாம அங்கயே குடி போயிடலாமா?" என்றான்.

"வாயேன்டா" என்றாள். 'டா' திரும்பி வந்திருந்தது.

நகராட்சித் தலைவர் நாடா வெட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருமுறை தண்ணீரைத் திறந்து பார்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தண்ணீர் போகும் சத்தத்துக்குக் கை தட்டிய கூட்டத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். எல்லாரும் போனபின் மேற்பார்வையாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மாட்டினார். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். இருந்த ஒரே சாவி அவர் பைக்குள் போயிற்று.

"சார், எதுக்கு பூட்டு?"

"போட்டி முடியட்டும்மா. தினமும் காலையில போட்டோ அனுப்பணும். மேல இருக்கறவங்க பார்ப்பாங்க. நான் வந்து திறப்பேன், நீ கழுவு, நான் எடுத்துக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் அவர் வண்டியில் வந்து இறங்குவார். திறப்பார். அவள் யாரும் போகாத கோப்பையைத் தேய்ப்பாள். யாரும் மிதிக்காத தரையைத் துடைப்பாள். யார் முகமும் படாத கண்ணாடியைத் துடைக்கும்போது அவள் முகம் மட்டும் அதில் வரும். "ஈரம் தெரியணும், ஈரம் தெரியணும்" என்பார் அவர். கழுவிய ஈரம் படத்தில் தெரிய வேண்டும். படம் எடுத்ததும் பூட்டுவார். அந்த ஊரில் அந்த அளவுக்குச் சுத்தமான கழிப்பறை வேறு கிடையாது.

முதல் வாரம் பொறுத்தாள். பிறகு கேட்டாள். கேட்பதற்கு முந்தின இரவெல்லாம் வார்த்தையைத் தேடியிருந்தாள்.

"சார், நான் மட்டும் போயிட்டு, நானே கழுவிடறேன். எப்படியும் நான்தானே கழுவறேன்."

"நீ ஒருத்தி போனா, நாளைக்கு ஊரே போகும்."

"ஊருக்குத்தானே சார் கட்டினது?"

"சட்டம் பேசாதம்மா. இத்தனை நாள் இது இல்லாமத்தானே இருந்தே?"

அப்போது நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் அந்தப் பக்கம் வந்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. கைகளை முழங்கை மடக்கி வீசி நடப்பவர். நிற்கும்போதும் வீசிக்கொண்டே நிற்பார். "சார் சொல்றது சரிதாம்மா" என்றார். "திறந்து விட்டா ஒரே நாள்ல நாறிடும். நம்ம ஜனத்தைப் பத்தி உனக்குத் தெரியாதா? எங்க வீட்டுப் பெண்கள் எல்லாம் அரை மணி நடந்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. யாரும் கேக்கலையே." சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு பின்பக்கச் சுவரை நோக்கிப் போனார்.

அவள் அன்று விசில் ஊதவில்லை. ஊதியிருந்தால் விசில் உடைந்திருக்கும்.

டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். "குடிக்காம வந்தேன்னா நான் கடைக்குப் போக மாட்டேன்" என்று மிரட்டினாள். "உங்க கடையில மட்டும் வாழுதா? மூணு மாடி ஏறணும்னு நீயும்தான் அடக்கிக்கிட்டு வர்றே" என்றாள் தாய். "நான் ஏறுவேன்மா. மேனேஜர் முறைச்சாலும் ஏறுவேன். நீ குடி" என்றாள் மகள். விசிலக்கா குடித்தாள். ஒரு பாட்டில் முழுக்க.

அன்று மாலை கூட்டம். பெஞ்சுகளில் இடமில்லை. புல்லோரத்தில் பெண்கள், பிள்ளைகள். அடிவயிறு கல்லாக இருந்தது. ஒரே இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தாள். விளக்கு எரிய இன்னும் நேரம் இருந்தது. அப்போது பின்பக்கச் சுவரில் ஒருவன் நிற்பது தெரிந்தது. பழக்கம் அவளை ஓட வைத்தது. ஓடிக்கொண்டே விசிலை வாயில் வைத்து, மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து ஊதினாள்.

ஊதிய வேகத்தில் உடம்பு விட்டுக்கொடுத்தது.

நின்றுவிட்டாள். கால் வழியாகச் சூடாக இறங்கியது. நகராட்சி கொடுத்த நீல உடுப்பு கீழே கறுத்தது. சுவரில் நின்றவன் அவசரமில்லாமல் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினான். "போறேம்மா, போறேன். எதுக்கு இப்படி உயிர் போற மாதிரி ஊதறே?" என்று சொல்லிக்கொண்டே போனான்.

யாரும் பார்க்கவில்லை. இனிமேல்தான் பார்ப்பார்கள். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் அரளிச் செடியடியில் கிடந்தது. போய் அதைத் திறந்தாள். தலைக்கு மேல் பிடித்தாள். கழுத்து, மார்பு, வயிறு, கால் எல்லாம் நனைந்து, உடுப்பு முழுக்க ஒரே கறுப்பாகும் வரை பிடித்தாள்.

"என்ன விசிலக்கா! தண்ணி செடிக்கா உனக்கா?" பால் விற்கும் பெண், கையில் குழந்தையோடு.

"முனை பிடுங்கிக்கிச்சு, மூஞ்சியில அடிச்சுடுச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஈர உடுப்போடு விளக்கு எரியும் வரை நின்று, பூட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

அன்று இரவு அவள் பாயவில்லை. வாசலில் நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள். எக்ஸ்பிரஸ் என்று சொல்லத் திறந்த வாயைப் புருஷன் மூடிக்கொண்டான். அவள் துணி துவைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. உள்ளேயிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் அழுத முகமாக இல்லை. அவன் பயந்தது அதற்குத்தான்.

"இன்னொரு தரம் அது நடக்காது" என்றாள்.

அவன் எழுந்து போய்ப் பாட்டிலை நிரப்பி அவள் பையில் வைத்தான்.

தலைநகரிலிருந்து மதிப்பெண் போடுகிறவர்கள் வரும் நாள் தெரிந்தது. அதற்கு முந்தைய நாட்களில் பூங்கா ஒரு கல்யாண வீட்டைப் போலப் பரபரத்தது. லாரி இரண்டு தடவை வந்தது. நீரூற்று பீய்ச்சியது. காய்ந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பூத்த செடிகளைச் சட்டியோடு மண்ணில் புதைத்தார்கள். அவை ஆற்றோரப் பூங்காவின் செடிகள். பார்த்து முடிந்ததும் திரும்பப் போகும். மேற்பார்வையாளர் கழிப்பறைக்குப் புதுச் சோப்பு, பூத் துண்டு, ஒரு வாசனை டப்பா எல்லாம் வாங்கிவந்து வைத்தார். அவர்கள் வரும் அன்று காலை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதோ பாரு, சாவியை உன்கிட்ட தரேன். நான் வாசல்ல அவங்க கூட இருப்பேன். அவங்க கார் வந்து நின்னதும் நீ போய்த் திற. அதுக்கு முன்னாடி திறந்தே, எவனாவது உள்ள பூந்துடுவான். திறந்து, பூட்டைப் பக்கத்துல மறைச்சு வெச்சுட்டு, துடைப்பத்தோட நில்லு. ஜனங்க தினமும் வர்றாங்களான்னு கேட்டா…"

"வர்றாங்கன்னு சொல்லணும்."

"ஆமா. சிரிச்ச மூஞ்சியோட சொல்லு. உன் மூஞ்சிய வெச்சுக்கிட்டு மதிப்பெண்ணைக் கெடுத்துடாதே."

சாவி சின்னது. உள்ளங்கைக்குள் இருப்பதே தெரியவில்லை. அவள் அன்று காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் காலியாகி, குழாயில் பிடித்து மறுபடி குடித்தாள்.

கார் வந்து நின்றது. இரண்டு ஆண்கள், நடுத்தர வயதுள்ள ஒரு பெண். பொறியாளர் பூச்செண்டு கொடுத்தார். சங்கத் தலைவர் கை வீசுவதை நிறுத்திக் கும்பிட்டார். விசிலக்கா கழிப்பறைப் பூட்டைத் திறந்தாள். பூட்டைக் கொக்கியிலேயே தொங்க விட்டாள். துடைப்பத்தை வெளியே சுவரில் சாத்தினாள். உள்ளே போனாள். தனக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த அந்தத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உட்கார்ந்தாள்.

அவசரமே இல்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான இடத்தில், வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று பயப்படாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உடம்பு முதலில் நம்பவில்லை. பிறகு நம்பியது. சுவரில் ஓடுகளுக்கு நடுவே சிமென்ட் கோடுகள் நேராக இருந்தன. பூச்சுக்குத் தான் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்தது.

வெளியே காலடிச் சத்தம் வந்தது. நடுவே மேற்பார்வையாளரின் குரல்: "இதுதான் சார் நம்ம… வாங்க மேடம், பாருங்க." கதவு அசைந்தது. மறுபடி அசைந்தது. பிறகு தட்டினார்.

"யாரு உள்ள?"

"ஆள் இருக்கு" என்றாள்.

கதவைத் தட்டிய கை நின்றது. பிறகு அந்தப் பெண் அதிகாரியின் குரல் கேட்டது.

"பரவாயில்ல, வெயிட் பண்ணலாம். எப்பவும் இப்படிக் கூட்டமா இருக்குமா?"

"எப்பவும்… எப்பவும் ஆளு இருக்கும் மேடம்."

கதவிடுக்கு வழியாக அடித்தொண்டையில் மேற்பார்வையாளரின் வேறொரு குரல் வந்தது. "ஏய், வெளிய வா. உன் வேலை இருக்காது, சொல்லிட்டேன்."

அவள் தண்ணீரைத் திறந்து விட்டாள். அந்தச் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. புதுச் சோப்பைப் பிரித்து முழங்கை வரை போட்டுக் கழுவினாள். பூத் துண்டில் துடைத்தாள். கண்ணாடியில் இருந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த சாவியைக் கோப்பைக்குள் போட்டு, மறுபடி தண்ணீரைத் திறந்தாள். சின்னச் சாவி. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று.

கதவைத் திறந்தாள். பொறியாளர், சங்கத் தலைவர், மேற்பார்வையாளர், அந்த மூவர் எல்லாரும் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். சிரித்த முகத்தோடு சொன்னாள்: "போங்க மேடம். தண்ணி நல்லா வருது."

அந்த அம்மாள் நிஜமாகவே போனார். கையில் பெரிய பை. தலைநகரிலிருந்து நெடுந்தூரம் வந்தவர். வழியில் அவருக்கும் எங்கே இடம் இருந்திருக்கும்? அவர் உள்ளே இருக்கும்போதே பால்காரப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். "திறந்துட்டாங்களாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் நடந்துகொண்டிருந்த பெண்கள் பாதையை விட்டு வந்தார்கள். அரை மணி நடந்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர்கள்தான். யாரும் கேட்கவில்லை என்று சொன்ன சங்கத் தலைவரின் மனைவி வரிசையில் மூன்றாவதாக நின்றார். தலைவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த ஆண்களில் ஒருவர் வரிசையைப் படம் எடுத்தார்.

அந்த அம்மாள் வெளியே வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "நல்லா வெச்சிருக்கீங்க. பையை மாட்ட ஒரு கொக்கி இல்ல. கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அதைக் கட்டியவர்களில் ஒருவர் மனதிலும் பையோடு ஒரு ஆள் உள்ளே போவாள் என்பது வந்திருக்கவில்லை. ஆள் என்பதே வந்திருக்கவில்லை.

கார் போனதும் மேற்பார்வையாளர் கையை நீட்டினார்.

"சாவி."

"உள்ள விழுந்துடுச்சு சார்."

"எங்க?"

"கோப்பைக்குள்ள. வேணும்னா கையை விட்டுப் பாருங்க. சுத்தமாத்தான் இருக்கும், நான் தினமும் கழுவறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பால்காரப் பெண் திரும்பி நின்றுகொண்டாள். அவர் தொங்கிய பூட்டைப் பார்த்தார். கை அதை நோக்கிப் போய் நின்றது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் நாளைக் காலை திறக்க முடியாது. திறக்காவிட்டால் போட்டோ இல்லை; போட்டி முடிவு வரும்வரை போட்டோ போயாக வேண்டும். புதுப் பூட்டு வாங்கினால் பழைய பூட்டுக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கைக்காசைப் போட்டு வாங்குகிற ஆள் அவர் இல்லை.

"உன்னைப் பத்தி ஒப்பந்தக்காரர்கிட்ட பேசறேன்" என்றார்.

"பேசுங்க சார். எதுக்காகன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அன்றிரவு வீட்டில் சொன்னாள். அரளிச் செடியடியில் நின்றதையும் சேர்த்துத்தான் சொன்னாள். மகள் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டாள். புருஷன் ஒரு மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு டப்பாக்களைக் குடைந்து ஒரு இரும்புக் கொக்கியும் இரண்டு திருகாணியும் எடுத்து அவள் பைக்குள், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான்.

"நகராட்சிக்கு நன்கொடையா?" என்றாள்.

"அந்த மேடம் திரும்பி வந்தா பையை எங்க மாட்டுவாங்க?"

கழிப்பறை திறந்து கிடந்த நாட்களில் விசிலக்காவின் வேலை இரட்டிப்பாயிற்று. சங்கத் தலைவர் சொன்னது பொய்யும் இல்லை. முதல் நாளே நாறியது. எவனோ சோப்பைத் தூக்கிக்கொண்டு போனான். எவனோ தண்ணீர் ஊற்றாமல் போனான். அவள் கதவுக்கு வெளியே நின்று, வெளியே வந்தவர்களையெல்லாம் பிடித்தாள். "ஊத்தினீங்களா? ஊத்தலைன்னா திரும்பிப் போங்க. நான் உங்க அம்மா இல்ல." கழுவினாள். திட்டிக்கொண்டே கழுவினாள். இப்போது கழுவ ஏதோ இருந்தது. பின்பக்கச் சுவர் மெல்லக் காய்ந்தது. அங்கே பழக்கத்தில் போகிறவர்களை இழுத்துவந்து பலகையில் இருந்த ஆண் படத்தைக் காட்டினாள். "கண்ணு தெரியுதுல்ல?"

மேற்பார்வையாளர் எடுத்த படங்களில் தரை ஓட்டில் காலடித் தடம் விழுந்தது. கண்ணாடியில் குழந்தைக் கை விழுந்தது. ஏன் இந்த அழுக்கு என்று மேலேயிருந்து கேட்டார்களாம். ஒருநாள் காலை அவர் வண்டியில் வந்து இறங்கினார். கையில் புதுப் பூட்டு. அலுவலகம் எழுதிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. சாவியை வளையத்தில் கோத்து இடுப்பு வாரில் மாட்டியிருந்தார்.

"தள்ளிக்கோ."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"வெளிய வந்ததும் பூட்டறேன்."

"எதுக்கு?"

"உனக்கு நான் பதில் சொல்லணுமா? நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம். இன்னிக்கே சொல்லிட்டேன்."

உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். வயதானவர், கைத்தடியோடு. இருவரையும் பார்த்துவிட்டு, ஏதோ தன் தப்பு என்று நினைத்தவரைப் போல, "தண்ணி ஊத்திட்டேம்மா" என்று சொல்லி நகர்ந்தார். மேற்பார்வையாளர் கதவை இழுத்துச் சாத்தினார். கதவுக் கொக்கியை மாட்டினார். பூட்டை எடுத்தார்.

விசிலக்கா மூச்சை இழுத்து ஊதினாள்.

அது சுவரில் நிற்பவனுக்கு ஊதும் ஊதல். அந்தப் பூங்காவில் அதன் அர்த்தம் தெரியாதவர் யாரும் இல்லை. நடந்தவர்கள் நின்றார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். எல்லாக் கண்களும் பழக்கப்படி பின்பக்கச் சுவருக்குப் போய், அங்கே ஒருவரும் இல்லாமல், சத்தம் வந்த திசைக்குத் திரும்பின. அங்கே கழிப்பறைக் கதவைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையும் முன்னால் எதையோ பிடித்தபடி மேற்பார்வையாளர் நின்றார்.

"ஏய், நிறுத்து" என்றார் திரும்பாமல்.

அவள் மறுபடி ஊதினாள். பால்காரப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். சங்கத் தலைவரின் மனைவி பாதையை விட்டுப் புல்லில் இறங்கி வந்தார். புல்லில் நடக்கக் கூடாது. பின்னால் இன்னும் சிலர். கூட்டமாக உட்காரத்தான் கூடாது; கூட்டமாக நிற்பதைப் பற்றிப் பலகையில் இல்லை.

"காலங்காத்தால என்ன சத்தம்?" என்று தலைவர் தூரத்திலிருந்து கத்தினார்.

"இங்க வந்து பாருங்க, தெரியும்" என்றார் மனைவி.

பூட்டு இன்னும் மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. அமுக்கவில்லை. அவள் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. மூச்சை மட்டும் மறுபடி இழுத்தாள்.